இண்டைக்கு என்ன பிழை?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இராஜேந்திரன் அந்த நுணலின் நேர் வாரிசு என்பதில் லண்டனில் நோர்பரியிலிருந்து ஈஸ்ட் ஹாம் வரை எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கடைசியில் மனிதர் கெட்டது என்னவோ வாயை மூடி வைத்திருந்ததால். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மிச்சம் என்கிற இடத்தில் டெலிவரி வான் கட்டுகிற கம்பனி ஒன்றில் அவர் பரிசோதனை இஞ்சினியர். புதிதாகச் செய்த வானை ஓட்டிப் பார்த்து, எங்கே ஆடுகிறது, எங்கே முனகுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது உத்தியோகம். குறை சொல்வதற்கும் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை அவருடைய மனைவி செல்வமலர் கலியாணமான புதிதில் நம்பவில்லை. அதே வேலையை வீட்டில் அவர் சம்பளமில்லாமல் செய்யத் தொடங்கியபோது நம்பிவிட்டாள். சோற்றில் கல், யன்னலில் இடுக்கு, விருந்துக்கு வந்தவரின் காரில் தேய்ந்த டயர், எதையும் அவர் விட்டதில்லை. வஞ்சகம் கிடையாது. கண்ணில் பட்டது வாயில் வந்துவிடும், அவ்வளவுதான்.

மகள் பிரமிளாவுக்கு முதலில் பேசி வந்த சம்பந்தம் ஈஸ்ட் ஹாமில். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நகைக்கடை. போய் இருந்து, பலகாரம் கடித்து, தேத்தண்ணி குடித்து, எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் புதிதாக இழுத்துக் கட்டிய கூடத்தைக் காட்ட அந்த மனிதர் பெருமையோடு கூட்டிக்கொண்டு போனார். இராஜேந்திரன் சுவரைத் தட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். "இதுக்குக் கவுன்சிலிட்டைப் பெர்மிசன் எடுத்தனீங்களோ?" என்று கேட்டார். அடுத்த கிழமை தரகர் தொலைபேசியில் வந்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். பொருத்தம் பார்த்து முடித்த பிறகுதான் அவர்கள் அந்த வீட்டுக்கே போயிருந்தார்கள்.

செல்வமலர் மூன்று நாள் அவருடன் கதைக்கவில்லை. பிரமிளா ஒன்றும் சொல்லாமல் தன் மருந்துக்கடை வேலைக்குப் போய்வந்தாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

லண்டன் நகரத்துக்குள் வண்டி கொண்டு போக வரி போட்டிருந்த காலம் அது. புகை குறைந்த வாகனத்துக்குச் சலுகை உண்டென்று தெரிந்ததும் கம்பனிக்காரருக்குத் திடீரென்று காற்றின்மேல் பாசம் பிறந்தது. டீசல் இயந்திரமும் மின்சார மோட்டரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் வான் ஒன்று செய்வதென்று தீர்மானித்தார்கள். அவர்களுக்கு வான் கட்டத் தெரியும், மின்சாரம் தெரியாது. பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு மின்சாரம் தெரியும், வான் கட்டத் தெரியாது. குருடன் தோளில் நொண்டி ஏறின கதையாக இரண்டும் சேர்ந்தன. செலவில் ஒரு பங்கை அரசாங்கம் தருவதாகச் சொன்னது. அப்படித்தான் பேராசிரியர் விஜயரத்தினம் இராஜேந்திரனின் வாழ்க்கைக்குள் வந்தார்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, படிப்பிக்க நின்றுவிட்டவர் பேராசிரியர். அவருடைய பெருமையெல்லாம் ஒரு பெட்டிக்குள் இருந்தது. மற்ற வாகனங்களில் பிறேக்கை மிதித்தால், ஓடி வந்த வேகம் வெறும் சூடாகிப் போய்விடும். இந்த வானில் மோட்டரே டைனமோவாக மாறிச் சில்லுகளை இழுத்துப் பிடிக்கும், அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்குள் திருப்பி ஊற்றும். எப்போது, எவ்வளவு ஊற்றுவது என்று முடிவெடுக்கிற மூளைதான் அந்த அலுமினியப் பெட்டி. சாப்பாட்டுப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஓடுகிற புரோகிராமை எழுதியவள் வான்மதி. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, அவருடைய ஆராய்ச்சிக் கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்த பெண்.

முதற் கூட்டத்திலேயே இராஜேந்திரன் பெட்டியின் குறைகளை எழுந்து நின்று வரிசையாகச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் மேசையைப் பார்த்தார்கள். வான்மதியின் முகம் சிவந்துவிட்டது. பேராசிரியர் மட்டும் கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். இடைவேளையில் தன் கையால் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, "இவ்வளவு காலமும் எங்கை ஐசே இருந்தனீர்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எப்போது கண்டாலும் அவருடைய முதற் பேச்சு ஒன்றுதான். "சொல்லும் இராசன், இண்டைக்கு என்ன பிழை?" சுகம் கேட்கமாட்டார், மழை பற்றிப் பேசமாட்டார். இராஜேந்திரன் சொல்லுவார். பேராசிரியர் சண்டை பிடிப்பார். வான்மதி முணுமுணுத்துக்கொண்டே திருத்துவாள். இப்படியே பெட்டி வருடம் இரண்டில் நன்றாகத் தேறிவிட்டது. ஐம்பத்தாறு வயதில் இராஜேந்திரனுக்குத் தன் வாயால் ஒருவருக்குப் பிரயோசனம் உண்டு என்று தெரிந்தது. வேலைக்குப் போவதே ஒரு சந்தோசமாக இருந்தது அவருக்கு.

ஒருநாள் மத்தியானம் பல்கலைக்கழகக் கன்ரீனில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே பேராசிரியர் கேட்டார். "உம்மட மகளுக்கு எங்கையாவது பாத்து வைச்சிருக்கிறீரோ? என்ர தர்சிகனுக்கும் வயசு வந்திட்டுது."

பிள்ளைகள் இரண்டும் சந்தித்தார்கள், கதைத்தார்கள், பிடித்துப்போயிற்று. சாதகமும் மறுப்புச் சொல்லவில்லை. செல்வமலர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து புருசனை முன்னால் இருத்தினாள்.

"இஞ்சருங்கோ, வடிவாக் கேளுங்கோ. இனி அவர் உங்கட பேராசிரியர் இல்லை, சம்பந்தி. நாங்கள் பொம்பிளை வீட்டுக்காரர். அவையின்ர வீட்டுக் கூரை ஒழுகினாலும் குடையைப் பிடிச்சுக்கொண்டு, நல்ல காத்தோட்டம் எண்டு சொல்லுங்கோ. விளங்குதோ?"

"நான் வேலையில சொல்லுறது வேற..."

"வேலையில எண்டாலும் அவர் மாப்பிள்ளையின்ர தேப்பன்தான். நாலு பேருக்கு முன்னாலை அவரைக் குறை சொல்லி, அவற்ர மனிசியின்ர காதில விழுந்து... ஐயோ, நான் பிறகு மருந்து குடிச்சுச் சாவன்."

செல்வமலரின் மருந்துக்கு அவர் பயப்படவில்லை. இருபது வருடமாக அவள் அதைக் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பிரமிளா மாடிப்படியில் நின்றபடி, "அப்பா, ப்ளீஸ். ஐ ரியலி லைக் ஹிம். ஒண்டும் சொல்லிப் போடாதீங்கோ" என்றாள். மகள் அவரிடம் ப்ளீஸ் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. தலையை ஆட்டினார்.

இரண்டாயிரத்து ஏழு பிறந்தது. வானை வாங்க ஒரு பாண் பேக்கரி ஆசைப்பட்டிருந்தது. மாசி மாதம் ஓடிக் காட்டவேண்டும், பிடித்தால் முதற் தொகுதி வான்களுக்கு ஓடர். அந்த ஓடர் வந்தால் கம்பனி அடுத்த கட்டத்துக்குக் காசு போடும், பேராசிரியரின் ஆராய்ச்சிக் கூடம் பிழைக்கும். பேக்கரியின் வண்டிப்பேட்டை கிறிஸ்டல் பலஸ் உச்சியில் இருந்தது. இரவெல்லாம் வான் அங்கே நின்று மின்சாரம் ஏற்றும், விடியப் பாண் ஏற்றிக்கொண்டு கிப்சி ஹில் வழியாக இறங்கும். கிப்சி ஹில்லைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடந்து இறங்குகிறவனே பின்னுக்குச் சாய்ந்துதான் இறங்கவேண்டும், அப்படி ஒரு சரிவு.

தை மாதத்துக் குளிரில் இராஜேந்திரன் அந்தப் பேட்டையில் வானை விட்டு, பற்றரியை முழுக்க நிரப்பி, கிப்சி ஹில்லில் இறக்கினார். பாதி இறக்கத்தில் பிறேக்கில் கால் வைத்தார். மோட்டர் சில்லைப் பிடித்தது, பற்றரி இரண்டு வாய் மின்சாரம் குடித்தது, நிரம்பிவிட்டது. நிரம்பியதும் பெட்டி பட்டென்று கையை விட்டுவிட்டது. காலுக்குக் கீழே இருந்த பிறேக் காணாமற் போனது போல வான் முன்னுக்குப் பாய்ந்தது. அவர் பழக்கதோசத்தில் பலமாக மிதித்தார். சாதாரண பிறேக் பிடித்துக்கொண்டது. திரும்ப மேலே போய், திரும்ப நிரப்பி, திரும்ப இறக்கினார். திரும்பவும் அதே பாய்ச்சல்.

மிச்சம் பக்கத்துத் தட்டைத் தெருக்களில் பற்றரி நிரம்பியபடி நிற்பதே இல்லை. அதனால்தான் இரண்டு வருடமாக இந்தப் பிழை யார் கண்ணிலும் படவில்லை. மெல்ல மெல்லக் கையை எடு என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துபோகிற விசயம். வேறு நாளென்றால், வான் நிற்பதற்கு முன்னரே பேராசிரியருக்குத் தொலைபேசி போயிருக்கும். அன்று அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார், பார்த்தார், சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

பெட்டியின் மற்றக் குறைகள் போல அல்ல இது. நிறுத்தும்போது மின்சாரம் சேர்ப்பதுதான் பேராசிரியரின் பெயர் சொல்லும் விசயம், அவர் உலகமெல்லாம் போய்ப் பேசியது. அதிலேயே பிழை என்று சம்பந்தியாகப் போகிறவன் எழுந்து நின்று சொல்வதா? கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தார். பிறேக் இல்லாமற் போகவில்லையே, அழுத்தி மிதித்தால் பிடிக்கிறதுதானே என்றும் நினைத்தார். முப்பது வருடம் பிறேக்கோடு பழகிய மனிதர் இப்படி நினைத்தார். பிள்ளைப் பாசம் எவ்வளவு பெரிய இஞ்சினியரையும் முட்டாளாக்கிவிடும்.

வான்மதியிடம் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பேராசிரியருக்குத் தெரியாமல் ஒரு வரியைக்கூட மாற்றமாட்டாள். அதுவும் வேண்டாம் என்று விட்டார்.

ஓடிக் காட்டுவதற்கு முந்திய கடைசிக் கூட்டம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கம்பனி டைரக்டர் மார்ட்டின், பேக்கரிக்காரர்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். பேராசிரியர் படம் போட்டுக் காட்டி முடித்துவிட்டு, வழக்கம்போல இராஜேந்திரன் பக்கம் திரும்பி, பரிசோதனைப் பக்கத்தில் என்ன பிழை என்று ஆங்கிலத்தில் கேட்டார். அறை முழுவதும் இராஜேந்திரனைப் பார்த்தது.

"பெரிதாக ஒன்றுமில்லை" என்றார் இராஜேந்திரன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பேராசிரியருக்கே நம்பமுடியவில்லை. "ஒன்றுமில்லையா?" என்று இன்னொருமுறை கேட்டார். இராஜேந்திரன் தலையாட்டினார். பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. டைரக்டரிடம் திரும்பி, "இந்த மனிதரே ஒன்றுமில்லை என்றால் உண்மையாகவே ஒன்றுமில்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேலதிகமாக ஒரு கிழமை மலைப்பாதையில் ஓடிப் பார்க்க வைத்திருந்த திட்டத்தை மார்ட்டின் அந்த இடத்திலேயே இரத்துச் செய்தார். இராஜேந்திரனின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கலியாண நாள் குறிக்க நோர்பரியில் பேராசிரியர் வீட்டுக்குப் போனார்கள். வைகாசியில் ஒரு நல்ல நாள் சரிவந்தது. பலகாரத் தட்டு சுற்றிவரும்போது இராஜேந்திரன் மெல்லச் சாடை காட்டிப் பார்த்தார்.

"உந்தக் கிப்சி ஹில் சரியான இறக்கம், சம்பந்தி."

"ஓம் ஓம். மழைக்குள்ள நடக்கவே ஏலாது."

"இல்லை, பற்றரி முட்ட நிரம்பியிருக்கேக்கை ஒருக்கா இறக்கிப் பாத்தால்..."

செல்வமலர் ஒரு பயத்தம் உருண்டையை எடுத்து அவருடைய கையில் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். பேராசிரியர் சிரித்தார். "இண்டைக்கு வேலைக் கதை வேண்டாம். நீர்தானே ஒண்டுமில்லை எண்டு சொன்னனீர், பேந்தென்ன? சாப்பிடும்." இராஜேந்திரன் உருண்டையைச் சாப்பிட்டார்.

இருந்தாலும் மனச்சாட்சி சும்மா விடவில்லை. தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். பற்றரி நிரம்பாமல் இருந்தால் பாய்ச்சல் வராது. ஓடிக் காட்டுவதற்கு முதல்நாள் பின்னேரம் பேட்டைக்குப் போய், பற்றரி முக்கால்வாசி ஏறினதும் வயரைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். அவர் போன பிறகு பேக்கரியின் மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வந்திருக்கிறார். யாரோ மறதியில் வயரைக் கழற்றிவிட்டார்கள், பாவம், நாளைக்கு விருந்தாளிகள் வருகிற நேரத்தில் அவமானப்படப் போகிறார்கள் என்று நினைத்து, திரும்பச் செருகிவிட்டார். நல்ல மனிதர். அவரில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

காலையில் பேட்டையில் சனம் கூடியிருந்தது. படம் எடுக்கிறவன்கூட வந்திருந்தான். ஓட்டப்போவது பேக்கரியின் சாரதி, அவனுக்குப் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லப் பேராசிரியர். புதுக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக அவர் ஏறுவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் இராஜேந்திரன். அப்போதுதான் உள்ளே பார்த்தார். பற்றரியின் முள் முழுமையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவர் கதவை விடவில்லை. "சம்பந்தி, கொஞ்சம்..." என்றார்.

"என்ன?" பேராசிரியர் குனிந்து பார்த்தார். முகம் முழுக்கச் சந்தோசம். அவருக்குப் பின்னால் மார்ட்டின், பேக்கரிக்காரர்கள், படக்காரன், குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்ற வான்மதி. ஒரே ஒரு சொல் போதும். நிப்பாட்டுங்கோ என்ற அந்தச் சொல் இராஜேந்திரனின் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"பெல்ட்டைப் போடுங்கோ" என்றார்.

பேராசிரியர் சிரித்துக்கொண்டே பெல்ட்டைப் போட்டார். வான் சத்தமில்லாமல் புறப்பட்டுப் போனது.

பாதி இறக்கத்தில் பாதசாரிக் கடவையில் ஒரு தாய் பிள்ளையின் தள்ளுவண்டியோடு இறங்கியிருக்கிறாள். சாரதி பிறேக்கை மிதித்தான். வான் பிடித்தது, பிறகு விட்டது. புதியவன், என்ன நடக்கிறதென்று விளங்காமல் ஸ்டியரிங் வளையத்தை இடப்பக்கம் ஒடித்தான். வான் நடைபாதையில் ஏறி ஒரு வீட்டு மதிலில் மோதி நின்றது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. சாரதிக்கு மூக்கில் இரத்தம். பேராசிரியரின் வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெல்ட் போட்டிருந்தபடியால் அவ்வளவோடு தப்பினார் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள்.

பேக்கரிக்காரர் அன்றைக்கே கைகழுவினார்கள். கம்பனி மறு மாதம் திட்டத்தை மூடியது. ஹைபிரிட் எல்லாம் பெரிய கம்பனிகளின் விளையாட்டு, நமக்கு டீசலே போதும் என்று மார்ட்டின் சொன்னாராம். கம்பனி போனதும் அரசாங்கத்தின் பங்கும் போனது. ஆராய்ச்சிக் கூடத்தைப் பல்கலைக்கழகம் வேறு யாருக்கோ கொடுத்தது. வான்மதிக்கு வேலை போனது, வேலையோடு விசாவும் போனது. இராஜேந்திரனின் உத்தியோகத்துக்கு மட்டும் ஒரு கீறலும் விழவில்லை.

தன் சாமான்களை எடுக்க ஒருநாள் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். வான்மதி புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"என் தப்புதான் அங்கிள்" என்றாள். "பேட்டரி ஃபுல்லா இருக்கும்போது என்ன ஆகும்னு நான் யோசிச்சிருக்கணும். சார் முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு."

இராஜேந்திரனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "எனக்குத் தெரியும் பிள்ளை. தை மாசமே தெரியும்" என்றார்.

வான்மதி கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். "ஒரு மத்தியானம் வேலை அங்கிள், அது. சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்தா டீ டைமுக்குள்ள முடிச்சிருப்பேன்."

அவர் தன் சாமான்களைத் தேடுவதுபோல மேசைப் பக்கம் திரும்பினார்.

"சாரோட பையனுக்குப் பொண்ணு குடுக்கிறீங்க. அதுக்காகவா?"

அவளும் தமிழ்ப் பெண்தான். விளக்கம் தேவைப்படவில்லை. திரும்பி அட்டைப் பெட்டியை மூடினாள். "சார்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க. அவர் என்னைக் கோவிச்சுக்கவே இல்ல, அதான் தாங்க முடியல" என்றாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மறுநாள் பின்னேரம் இராஜேந்திரன் செல்வமலருக்குச் சொல்லாமல் நோர்பரிக்குப் போனார். பஸ்ஸில் இருக்கும்போது பிரமிளாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கலியாணம் குழம்பினால் அவள் தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்று தெரிந்தும் போனார். ஏனென்றால் இன்னொரு பெண் அவருடைய பிழையைச் சுமந்துகொண்டு மலேசியாவில் ஈப்போவுக்கு விமானம் ஏறப்போகிறாள்.

பேராசிரியரின் மனைவி கலாவதி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பேராசிரியர் முழுவதையும் கேட்டார். தை மாதம் இரண்டு தரம் இறக்கிப் பார்த்தது, கூட்டத்தில் மறைத்தது, வயரைப் பிடுங்கினது, முள்ளைக் கண்டது, பெல்ட்டைப் போடச் சொன்னது. இராஜேந்திரன் ஒன்றையும் விடவில்லை. குறைகளை வரிசைப்படுத்திச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர்தானே.

பேராசிரியர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"கலியாணத்துக்கு ஒரு குறையும் வராது" என்றார் பேராசிரியர். "பிள்ளையள் என்ன பிழை விட்டதுகள்?"

"சம்பந்தி, நான் பிள்ளைக்காகத்தான்..."

"விளங்குது." தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். "தர்சிகனுக்கு நல்ல நல்ல இடமெல்லாம் பேசி வந்தது. டாக்குத்தர்மாற்ர பிள்ளையள், வீடு வளவு உள்ளவை. எல்லாத்தையும் விட்டிட்டு நானே வந்து உம்மட மகளைக் கேட்டனான். ஏன் தெரியுமோ?"

இராஜேந்திரன் இல்லை என்று தலையாட்டினார்.

"என்ர வயசுக்கும் பதவிக்கும் பிறகு, முகத்துக்கு நேரை பிழை சொல்ல ஒருத்தரும் இல்லை இராசன். எல்லாரும் ஓம் சேர், ஓம் சேர். நீர் ஒராள்தான் சொன்னனீர். அப்பிடி ஒரு மனிசன்ர வீட்டில பெண் எடுத்தால் என்ர வீட்டுக்கையும் உண்மை இருக்கும் எண்டு நினைச்சன். உம்மட வாயைப் பாத்துத்தான் நான் சம்பந்தம் கேட்டது."

எந்த வாயால் கலியாணம் குழம்பிவிடும் என்று பயந்தாரோ, அந்த வாயால்தான் கலியாணமே வந்திருக்கிறது. இராஜேந்திரன் புறப்பட எழுந்தார். வாசல்வரை வந்து வழியனுப்பிய பேராசிரியர், "இருட்டுக்கை கவனமாப் போங்கோ" என்றார். பேராசிரியர் வான்மதிக்கு அன்றிரவே தொலைபேசி எடுத்து, பிழை அவளுடையது அல்ல என்று சொல்லி, நல்ல சான்றிதழும் எழுதிக் கொடுத்தாரென்று இராஜேந்திரன் பிறகு கேள்விப்பட்டார். அவள் அடுத்த கிழமை போய்விட்டாள்.

வைகாசியில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும், பெண் வீட்டார் போகவேண்டும், பெண் மட்டும் போகக்கூடாது. பேராசிரியர் வீட்டு முன்னறையில் நிறைகுடம், குத்துவிளக்கு, பலகாரத் தட்டுகள் எல்லாம் வைத்தாயிற்று. ஆசாரி சட்டியில் சிரட்டைக்கரியை மூட்டி ஊதத் தொடங்கினார். இராஜேந்திரன் அண்ணாந்து பார்த்தார். சட்டிக்கு நேர் மேலே கூரையில் புகை அலாரம்.

இந்த முறை அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. சபைக்கு நடுவே எழுந்து, "சம்பந்தி, நேர் மேலை அலாரம் இருக்கு. அதின்ர பற்றரியைக் கழட்டிவிடுங்கோ, இல்லாட்டிக் கத்தப்போகுது" என்றார். செல்வமலர் தலையில் கை வைத்தாள்.

பேராசிரியர் அண்ணாந்து பார்க்கவில்லை. அவருடைய தோளை மெல்லத் தொட்டு, "பரவாயில்லை, நீங்கள் இருங்கோ. பெடியள் பாப்பினம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஐயர் பக்கம் திரும்பிவிட்டார்.

பொன் உருகத் தொடங்குகிற நேரத்தில் அலாரம் வீல் என்று கத்தியது. குழந்தைகள் அழுதன. பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை கதிரையில் ஏறித் துவாயால் விசிறினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது, பேராசிரியரும் சிரித்தார். இராஜேந்திரன் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பி, நீர் சொன்னது சரிதான் ஐசே என்று சொல்லமாட்டாரா என்றிருந்தது.

பொன் நன்றாக உருண்டு வந்தது. தாம்பாளத்தில் வைத்துச் சபைக்குக் காட்டினார்கள். பேராசிரியர் ஒவ்வொருவராக உபசரித்துக்கொண்டு அவரிடமும் வந்தார். முன்னால் வந்து நின்றார். இரண்டு வருடப் பழக்கத்தில் இராஜேந்திரனின் காது அந்தக் கேள்விக்குத் தயாராகிவிட்டது.

"சாப்பிட்டீங்களோ, சம்பந்தி?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ஓம்" என்றார் இராஜேந்திரன். இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

காரில் ஏறும்போது பிரமிளா தொலைபேசியில் வந்தாள். குரலில் ஒரே பதற்றம். "அப்பா, எல்லாம் ஓகேயா? அங்கை போய் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"சொன்னனான் பிள்ளை" என்றார் இராஜேந்திரன். "ஆரும் கேக்கேல்லை."

மறுபக்கத்தில் மகள் பெருமூச்சு விட்டுச் சிரிப்பது கேட்டது. "தாங்க் காட்" என்றாள்.